மாத்தளைப் பெருவழியும் ஊர்தியின் மூன்று அளவைகளும்

ஊர்தி ஒன்றைக் கொள்ளப் புகுவோர் அதன் தோற்றத்தையும் விலையையும் நோக்கியபின் மூன்று வினாக்களை எழுப்புதல் தொன்றுதொட்ட வழக்கம். ஒருமுறை ஊட்டியதைக் கொண்டு அஃது எத்துணைத் தொலைவு செல்லும்? ஊட்டியது தீர்ந்தபின் மீண்டும் ஊட்டுதற்கு எத்துணை நேரம் பிடிக்கும்? உண்டதற்குத் தக்க உழைப்பை அது தருமா? மின்சார மோட்டார் வண்டிகளைப் பற்றி இந்நாளில் வெளிவரும் ஒப்பீடுகள் இவற்றையே செல்தொலைவு, மின்னேற்ற விரைவு, வினைத்திறன் எனப் பெயரிட்டு, வண்டிக்கு வண்டி எண்களை நிரல்பட வைத்துக் காட்டுகின்றன. அவ்வெண்கள் வண்டியின் உள்ளே உறைவன போலவும், எந்நாட்டில் எத்தெருவில் ஓடினும் அவை மாறா என்பது போலவும் படிப்போர் எண்ணிவிடுகின்றனர். ஒரே வழியில் இருநூறு ஆண்டுகளாக வெவ்வேறு ஊர்திகள் சென்றுவந்த ஓரிடத்தின் வரலாற்றை நோக்கின், இவ்வெண்ணம் எவ்வளவுக்குப் பொருந்தும் என்பது புலனாகும். மாத்தளை அத்தகைய இடமாகும்.

கண்டிக்கு வடக்கே ஏறக்குறைய 16 மைல், அதாவது 26 கிலோமீற்றர், தொலைவில் மாத்தளை நகர் உள்ளது. கடல்மட்டத்துக்கு மேல் அதன் உயரம் 360 மீற்றர் அளவினது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் மதில் போல நிற்க, வடக்கே நிலம் படிப்படியாகத் தாழ்ந்து நாலந்தை, நாவுலை, தம்புள்ளை வழியாக வரண்ட வலயத்தை அடைகின்றது. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் 321 கிலோமீற்றர் நீளமான ஏ-9 பெருந்தெரு இந்நகரூடாகவே செல்கின்றது. வடபுலத்திலிருந்து மலைநாட்டுக்கு ஏறுவோர்க்கு மாத்தளை வாயிலாக விளங்கியது.

கண்டி அரசு நிலவிய காலத்தில் மலைவழிகளில் சக்கரம் உருளவில்லை. பொதிமாடுகளின் நெடுவரிசையே பொருள்களைக் கொண்டு சென்றது. தவளம் என வழங்கிய இவ்வரிசைகள் உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றை உள்நாட்டுக்கு ஏற்றிவந்து, பாக்கு முதலியவற்றைக் கரைக்கு இறக்கின. இவ்வணிகத்தில் முஸ்லிம்கள் பெரும்பங்கு கொண்டிருந்தனர். பொதிமாட்டை முற்கூறிய மூன்று அளவைகளாலும் நிறுத்துப் பார்க்கலாம். அது சுமந்தது முதுகின் இருபுறமும் தொங்கிய இரு பைகளை மட்டுமே. ஆயின் அதற்கு வேண்டிய எரிபொருள் வழியோரத்திலேயே விளைந்தது. நீரும் புல்லும் உள்ள இடமெல்லாம் அதற்கு நிரப்பு நிலையமாயின. மாடு களைத்த இடத்தில் பொதியை இறக்கி அவிழ்த்துவிட்டால், விடியுமுன் அது மறுநாட் பயணத்துக்கு ஆயத்தமாகிவிடும்.

ஆங்கிலேயர் தெருக்களை அமைத்தபின் மாட்டுவண்டி வந்தது. பொதிமாடுகள் பல சுமந்ததை ஒரு சோடி மாடுகள் இழுத்தன. வினைத்திறன் மிகப் பெருகியது எனலாம். ஆனால் அதற்கு ஈடாக வழியின் மீது வண்டிக்கு இருந்த சார்பும் பெருகியது. பாலம் இல்லாத ஆற்றையும் கல் பாவாத சேற்றையும் தவளம் கடந்தது, வண்டி கடக்கவில்லை. சோடி மாடுகள் நாளொன்றுக்கு 12 முதல் 15 மைல் வரையே சுமையுடன் செல்லும். இவ்வளவை மனத்திற் கொண்டு ஏ-9 பெருந்தெருவை நோக்கினால் ஓர் உண்மை தெரியவரும். மாத்தளைக்கும் நாலந்தைக்கும் இடையே ஏறக்குறைய 15 மைல். நாலந்தைக்கும் தம்புள்ளைக்கும் இடையே அதனிற் சற்றுக் குறைவு. இம்மூன்று இடங்களிலும் குடியேற்ற ஆட்சிக்காலத்து வாடிவீடுகள் இருந்தன. மாட்டின் ஒருநாள் நடையே வழியை இவ்வாறு வகுத்தது போலும். சுமைதாங்கிக் கல்லை நட்டவரும் தண்ணீர்ப் பந்தலை அமைத்தவரும் மனிதனின் செல்தொலைவை இவ்வாறே அளந்தறிந்தவர்கள்.

கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832ஆம் ஆண்டில் தொடங்கிய குதிரை அஞ்சல்வண்டி வேறொரு முறையைக் கையாண்டது. களைத்த குதிரை இளைப்பாறும் வரை வண்டி காத்திருக்கவில்லை. தங்கல்கள்தோறும் புதிய குதிரைகள் ஆயத்தமாக நின்றன. பழையவற்றை அவிழ்த்துப் புதியவற்றைப் பூட்டிச் சென்றனர். நிரப்பும் நேரத்தைக் குறைக்க முடியாதவிடத்து, நிரப்பியதை மாற்றிக்கொள்ளுதல் என்னும் இவ்வுபாயம் பின்னர் மின்சார வண்டியின் வரலாற்றிலும் தோன்றுவதைக் காண்போம்.

இத்தெருக்களை அமைத்தவர் யார், அவற்றால் நயமடைந்தவர் யார் என்னும் வினாவும் மாத்தளையிலேயே உரத்த குரலில் எழுந்தது. 1848ஆம் ஆண்டில் தேசாதிபதி டொறிங்டன் பிரபுவின் ஆட்சி, துப்பாக்கி, நாய், கடை முதலியவற்றின் மீது வரி விதித்ததோடு தெருச் சட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது. வயதுவந்த ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் கட்டுதல் வேண்டும் என்பது அச்சட்டம். கோப்பி வண்டிகள் ஓடும் தெருவுக்குக் கோப்பித் தோட்டமே இல்லாத குடியானவன் உழைப்பதா என்ற மனக்கொதிப்பு அவ்வாண்டு யூலை இறுதியில் கிளர்ச்சியாக வெடித்தது. கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் தலைமை தாங்கிய கூட்டம் மாத்தளைக்குட் புகுந்தது. படையினர் அதனை முறியடித்தனர். ஆகத்து 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சிக்குப் பல காரணங்கள் இருந்தன. தெருச் சட்டம் அவற்றுள் ஒன்று. ஊர்திகளை ஒப்பிடும் அட்டவணைகளில் தெருவின் செலவு இடம்பெறுவதில்லை என்பதை ஈண்டு நினைத்தல் தகும்.

அதே தெருவில் மற்றோர் ஊர்தியும் சென்றது. அது மனிதனின் கால். தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல் நடந்தனர். கால்நடையாக வருவோர்க்குச் செல்தொலைவை வகுத்தது நீர். வரண்ட வலயத்தில் குளங்கள் வற்றிய மாதங்களில் ஒரு நீர்நிலைக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தொலைவே உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள தொலைவாயிற்று. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் சேர்ந்துகொண்டன. வழியில் மடிந்தோர் தொகை பற்றி ஆய்வாளர் வேறுபடுவர். மடிந்தோர் பல்லாயிரவர் என்பதில் வேறுபாடு இல்லை. தங்குமடங்களும் கிணறுகளும் மருத்துவ நிலையங்களும் அவ்வழியில் அமைக்கப்பட்டது காலந்தாழ்த்தியே. நடந்தவனின் கால்வலிமை முதல் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் ஒன்றே. வழியின் தங்கல்கள் கூடிய அளவுக்கே அவன் உயிரோடு மாத்தளையை அடையும் வாய்ப்பும் கூடியது. அவ்வழி மலையை எட்டும் நகரில், பெருந்தெருவோரத்தில், முத்துமாரியம்மன் கோயில் இன்றும் நிற்கின்றது.

புகையிரதம் கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867ஆம் ஆண்டில் வந்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880ஆம் ஆண்டில் நீண்டது. கோப்பியை இறக்குவதற்கென்றே வேண்டப்பட்ட இப்பாதை, கோப்பி அழியும் தறுவாயில் வந்து சேர்ந்தமை வரலாற்றின் ஒரு விந்தை. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைத்துரு நோய் அதற்குள் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தது. பின்னர் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அப்பெட்டிகளில் ஏறின. நீராவி எஞ்சினை அளவையிலிட்டால், ஒருங்கே இழுக்கும் சுமையில் அதற்கு நிகரில்லை; ஆனால் எரித்த நிலக்கரியின் சத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது பயனுள்ள வேலையாக மாற்றவில்லை. அதன் செல்தொலைவைக் கட்டுப்படுத்தியது நிலக்கரியன்று, நீரே. வழிநெடுக நீர்த்தாங்கிகள் நின்றதனாலேயே அஃது ஓடியது. வடக்கு நோக்கிய புகையிரதப் பாதை மாத்தளையை விட்டுப் பொல்காவலையிலிருந்து குருநாகல் வழியாகச் சென்று 1905ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. 1914ஆம் ஆண்டில் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டபின், தொழிலாளர் காட்டுவழி நடந்து மாத்தளைக்கு வரவேண்டிய தேவை ஒழிந்தது. வாயிலாக இருந்த நகர் பாதையின் முடிவிடமாக மாறியது.

மின்சார வண்டி புதுமையானதென்று கருதுவோர், அது பெற்றோல் வண்டிக்கு மூத்தது என்பதை அறிதல் நன்று. மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய மின்கலத்தைப் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளான்ற்றே 1859ஆம் ஆண்டில் அமைத்தார். 1881ஆம் ஆண்டில் குஸ்தாவ் துரூவே மின்னால் ஓடும் முச்சக்கர வண்டியைப் பாரிசுத் தெருவில் ஓட்டினார். மணிக்கு 100 கிலோமீற்றர் என்னும் எல்லையை முதன்முதலிற் கடந்த தெரு வண்டியும் மின்வண்டியே. 1899ஆம் ஆண்டில் கமீல் செனாத்சி அதனைச் செலுத்தினார். 1900ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவிற் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளுள் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை மின்னால் இயங்கின.

அவ்வாறாயின் அது வீழ்ந்தது ஏன்? மின்கலத்தின் பாரமும் செல்தொலைவின் குறுமையும் காரணமெனப் பொதுவாகக் கூறுவர். அது முழு விடையன்று. அமெரிக்காவின் ஆட்போட் நகரில் 1910 முதல் 1924 வரை மின்சாரப் பார வண்டிகள் மின்கலமின்றியே விற்கப்பட்டன. மின்கலத்தை மின்விளக்குக் கம்பனி வைத்திருந்து, தீர்ந்ததைக் கழற்றி நிறைந்ததைப் பூட்டிக் கொடுத்து, ஓடிய மைலுக்கு விலை வாங்கியது. கண்டி அஞ்சல்வண்டியின் குதிரை மாற்றும் முறையே அது. அவ்வண்டிகள் 60 இலட்சம் மைலுக்கு மேல் ஓடின. தங்கல் இருந்த நகரில் மின்வண்டி நன்றாகவே உழைத்தது. நகரின் எல்லைக்கு அப்பால் மின்கம்பி இல்லை. பெற்றோலையோ தகரத்தில் அடைத்து எந்த நாட்டுப்புறக் கடையிலும் விற்கலாம். தனது தங்கலைத் தானே கட்டிக்கொண்டு போகும் எரிபொருளுக்கு முன், கம்பியை எதிர்பார்த்து நிற்கும் வண்டி தோற்றது. 1912ஆம் ஆண்டில், கைப்பிடி சுழற்றாமலே பெற்றோல் எஞ்சினைத் தொடக்கும் மின்தொடக்கி வந்தபின், நகரிலும் அதற்கு இடமில்லாமற் போயிற்று.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னரே மின்வண்டி மீண்டும் பொதுமக்கள் வாங்கும் பொருளாயிற்று. 2001ஆம் ஆண்டில் பெங்களூரில் வெளிவந்த ரேவா என்னும் சிறு வண்டி ஈய மின்கலத்துடன் 80 கிலோமீற்றர் செல்லுமெனவும், முழுதும் நிரம்ப எட்டு மணி நேரம் வேண்டுமெனவும் கூறப்பட்டது. 2010ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானில் நிசான் கம்பனி 24 கிலோவாற்று மணி இலிதியம் மின்கலத்துடன் லீப் வண்டியை வெளியிட்டது. 2015ஆம் ஆண்டளவில் தீர்வைச் சலுகையைப் பயன்படுத்தி, பழைய லீப் வண்டிகள் இலங்கைக்குத் திரளாக இறக்குமதியாயின. அவ்வாண்டு நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டம் தீர்வையை உயர்த்திற்று, வரவும் அருகியது.

செல்தொலைவு என்பது எத்தகைய எண் என்பதை லீப் வண்டியைக் கொண்டே காட்டலாம். யப்பானிய அரசாங்கத்தின் பரிசோதனை முறைப்படி முதல் லீப் வண்டி ஒரு மின்னேற்றத்தில் 200 கிலோமீற்றர் செல்லும். ஐக்கிய அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் முறைப்படி அதே வண்டி 73 மைல், அதாவது 117 கிலோமீற்றரே செல்லும். வண்டி ஒன்று, மின்கலம் ஒன்று, எண் மட்டும் இரண்டு. முன்னது நகரத் தெருவில் மெல்லென ஓடும் ஓட்டத்தைப் பெரிதும் தழுவியது. பின்னது நெடுந்தெருவின் விரைவையும் குளிர்பதனப் பொறியின் செலவையும் கணக்கிற் கொண்டது. மாத்தளையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 140 கிலோமீற்றர். முதல் எண்ணை நம்பியவர் கொழும்பை அடைவார். இரண்டாம் எண்ணை நம்பியவர் புறப்படவே மாட்டார். இலங்கைச் சந்தைக்கு வந்தது யப்பானிய எண்ணே.

அன்றியும், மின்கலம் ஆண்டுதோறும் நலியும். லீப் வண்டியில் நலிவைக் காட்டும் பன்னிரண்டு கோடுகள் உண்டு. பழைய வண்டி வாங்குவோர் பல்லைப் பார்த்து மாடு வாங்குவது போல முதலிற் பார்ப்பது அக்கோடுகளையே. வெப்பம் இலிதியம் மின்கலத்தின் பகை. லீப் வண்டியின் மின்கலத்துக்குத் திரவக் குளிர்விப்பு இல்லை. காற்றே அதனை ஆற்றவேண்டும். குளிர்நாட்டில் ஓடிய வண்டிக்கும் வெப்பநாட்டில் ஓடிய வண்டிக்கும் வயது ஒன்றாயினும் மீதமுள்ள செல்தொலைவு ஒன்றாகாது.

மலைத்தெருவில் இக்கணக்கு மேலும் மாறும். மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக றிவர்ஸ்ரன் கணவாய்க்கு ஏறுவதாகக் கொள்வோம். ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வழியில் 1,000 மீற்றர் உயரம் ஏறவேண்டும். ஆட்களோடு 1,800 கிலோகிராம் நிறையுள்ள வண்டியை அவ்வுயரத்துக்குத் தூக்குதற்கு, உராய்வையும் காற்றையும் விட்டுவிட்டாலும், ஏறக்குறைய 5 கிலோவாற்று மணி வேண்டும். மின்கட்டணச் சீட்டில் அலகு எனக் குறிக்கப்படுவது இதுவே. சமதரையில் அந்த 30 கிலோமீற்றர் ஓடவும் வேறு 5 அலகு செல்லும். நலிந்த பழைய லீப் வண்டியின் மின்கலத்தில் எஞ்சியிருப்பது 14 அலகானால், உச்சியை அடையும்போது 4 அலகே மிஞ்சும். ஓட்டுவோன் நெஞ்சு படபடக்கும். ஆனால் இறங்கும்போது நிகழ்வது வேறு. மின்வண்டியின் இயக்கி இறக்கத்தில் மின்பிறப்பாக்கியாக மாறி, ஏற்றத்திற் செலவிட்டதில் பாதிக்கு மேற்பட்டதை மின்கலத்துக்கு மீட்டுத் தரும். மேலே அஞ்சியவன் கீழே வந்து சேர்கையில் ஏறத்தாழ இரண்டு அலகே குறைந்திருக்கக் காண்பான். பெற்றோல் வண்டியோ அதே ஏற்றத்துக்கு மட்டும் இரண்டரை லீற்றர் அளவு எரித்து, இறங்கும்போது அவ்வுழைப்பு முழுவதையும் தடையின் சூடாக்கிக் காற்றில் விடும். மலைநாட்டிலே மின்வண்டிக்கு உள்ள இச்சிறப்பு, சமதரை நாடுகளில் எழுதப்படும் ஒப்பீடுகளில் போதிய இடம் பெறுவதில்லை.

இனி மின்னேற்ற விரைவு. வீட்டில் 3.3 கிலோவாற்று வீதம் ஏற்றினால் லீப் வண்டிக்கு ஓர் இரவு முழுதும் வேண்டும். 50 கிலோவாற்று விரைவேற்றியில் அரைமணி நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிரம்பும். பெற்றோலோடு ஒப்பிட்டால் இவை யாவும் நத்தை நடையே. பெற்றோல் குழாய் ஒரு நிமிடத்தில் 35 லீற்றர் அளவு பாய்ச்சும். ஒரு லீற்றரில் 9 அலகு அளவு சத்து உண்டு. இதனை வலுவாகக் கணக்கிட்டால் ஒரு குழாய் 19 மெகாவாற்றுக்குச் சமம். மாத்தளை மாவட்டத்து உக்குவளையில் 1976ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தின் முழு வலு ஏறக்குறைய 40 மெகாவாற்று. எனவே, இரண்டு பெற்றோற் குழாய்கள் ஒருங்கே திறந்திருக்கும்போது பாயும் சத்து, மகாவலி நீர் பொல்கொல்லையிலிருந்து மலையைக் குடைந்த 8 கிலோமீற்றர்ச் சுரங்கத்தின் வழியே வந்து உக்குவளையிற் பாய்ந்து பிறப்பிக்கும் சத்துக்கு நிகராகும். அச்சத்தில் நான்கில் ஒன்றையோ ஐந்தில் ஒன்றையோதான் எஞ்சின் பயன்படுத்தும் என்பது உண்மையே. அதைக் கழித்தாலும் விரைவில் பெற்றோலை வெல்வது எளிதன்று. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சீனத்து பிவைடி நிறுவனம் 1,000 கிலோவாற்று மின்னேற்றியை அறிவித்து, ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீற்றருக்கு வேண்டிய மின்னை ஏற்றலாம் என்றது. அத்தகைய நாற்பது மின்னேற்றிகளை ஒருங்கே இயக்கினால் உக்குவளை நிலையம் முழுவதும் அவற்றுக்கே போதாமற் போகும்.

ஆயினும் பெற்றோலின் விரைவு, குழாயின் மறுமுனையில் பெற்றோல் இருக்கும் வரைக்குமே. 2022ஆம் ஆண்டில் இலங்கையிடம் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது, மூன்று நிமிடத்தில் முடியவேண்டிய நிரப்பல் நாட்கணக்கில் நீண்டது. அவ்வாண்டு யூலையில் வந்த எரிபொருள் அனுமதி முறையின் தொடக்கத்தில் கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றரும் அளந்து கொடுக்கப்பட்டன. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் முச்சக்கர வண்டியின் செல்தொலைவு, தாங்கியின் கொள்ளளவு எதுவாயினும், வாரத்துக்கு 125 கிலோமீற்றர் என்றாயிற்று. தோட்டத்திலிருந்து நோயாளியை நகர மருத்துவமனைக்கு ஏற்றிவரும் வண்டிக்கு இஃது எத்துணைச் சிறிய கயிறு என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. மின்வண்டி வைத்திருந்தோரும் அவ்வாண்டில் முற்றிலும் தப்பினரல்லர். மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீடித்தது. தன் கூரையிற் சூரிய மின்தகடு வைத்திருந்தவனுக்கே வழியோரப் புல்லை மேய்ந்த பொதிமாட்டின் விடுதலை ஓரளவு வாய்த்தது.

வினைத்திறனில் மின்வண்டிக்கு நிகரில்லை என்பது பொதுவாக உண்மை. இயக்கி தான் பெறும் மின்னில் பத்தில் ஒன்பது பங்கு அளவை வேலையாக மாற்றும். அமெரிக்க முறைப்படி முதல் லீப் வண்டி ஓர் அலகுக்கு 5 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாகச் செல்லும். பிவைடி நிறுவனத்தின் அற்றோ 3 வண்டி, ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் முறைப்படி, 6 கிலோமீற்றருக்கு மேற் செல்லும். முறைகள் வேறாதலின் இவ்விரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தல் பொருந்தாது. அஃதொழிய, அம்மின் எங்கே பிறந்தது என்பது வண்டியின் ஏட்டில் எழுதப்படுவதில்லை. நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துப் பெற்ற அலகாயின், நிலக்கரியின் சத்தில் மூன்றில் இரண்டு பங்களவு மின் நிலையத்திலேயே வீணாகிவிட்டது. உக்குவளையிலோ, 1981ஆம் ஆண்டின் போவத்தென்னையிலோ, 2018ஆம் ஆண்டின் மொரகஹகந்தையிலோ நீர் பிறப்பித்த அலகாயின் அக்குறை இல்லை. மூன்று நிலையங்களும் மாத்தளை மாவட்டத்தினுள்ளேயே இருக்கின்றன. ஒன்றிற் பாய்ந்த நீரே அம்பன் கங்கை வழியாக அடுத்ததற்கு இறங்குகின்றது. எனினும் கம்பியில் ஏறியபின் எந்த அலகு எந்நீரின் அலகு என்று பிரித்தறிய இயலாது. ஏற்றும் நேரத்தைத் தெரிந்தெடுப்பதே வண்டிக்காரனால் இயல்வது.

அந்நேரம் இப்போது நண்பகலாகிவிட்டது. கூரைச் சூரிய மின்தகடுகள் பெருகியமையால், தேவை குறைந்த விடுமுறை நாட்களின் உச்சிப்பொழுதில் மின் மிகுந்து, வலையமைப்பின் உறுதிக்கு ஊறு நேர்கின்றது. 2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை பொதுமக்களை வேண்டிக்கொண்டது. ஆனால் மின்வண்டி வைத்திருப்போர் பெரும்பாலும் இரவில், வீட்டில், சூரியன் இல்லாத பொழுதிலேயே ஏற்றுகின்றனர். வரண்ட வலயத்து வண்டிக்காரர் வெயில் ஏறியதும் மாட்டை அவிழ்த்து நிழலில் விட்டு, வெயில் தாழ்ந்தபின் பூட்டுவர். நண்பகலில் வண்டிகள் நிற்கும் இடங்கள் மாத்தளையிற் பல: கோயில் வீதி, மருத்துவமனை வளவு, கச்சேரி முற்றம், கல்லூரி வாயில். மின்னேற்றி இருக்கவேண்டிய இடம் இவையே.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் தனியார்க்குத் திறக்கப்பட்டபின் புதிய மின்வண்டிகள் வந்திறங்கின. அற்றோ 3 வண்டியின் 60 அலகு மின்கலத்துக்கு ஐரோப்பிய முறைப்படி 420 கிலோமீற்றர் செல்தொலைவு கூறப்படுகின்றது. அதிற் பாதி உண்மையாயினும் மாத்தளையிலிருந்து கொழும்புக்குப் போதும். அதன் மின்கலம் குளிர்விக்கப்படுவதால் வெப்பத்துக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் யப்பானிய வண்டியின் செருகி வேறு, சீன வண்டியின் செருகி வேறு. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய பாதைப் பெட்டியை அகலப் பாதையில் ஏற்றமுடியாது தவித்த நாட்டுக்கு இத்தொல்லை புதிதன்று. அரசாங்கமோ தீர்வை விதிக்கும்போது மூன்று அளவைகளில் ஒன்றையும் நோக்குவதில்லை. இயக்கியின் வலுவையும் வண்டியின் வயதையுமே நோக்குகின்றது. அத்தீர்வையில் ஒரு பங்கேனும் தங்கல்களுக்குச் செல்லுமா என்பது 1848ஆம் ஆண்டின் வினாவுக்கு உறவானது.

கணக்கென்னவோ கடினமானதன்று. ஏ-9 பெருந்தெருவில் 15 மைலுக்கு ஒரு வாடிவீடு இந்நாளைய வண்டிக்கு வேண்டியதில்லை. மாத்தளை, தம்புள்ளை, அதற்கப்பால் 50 கிலோமீற்றருக்கு ஒன்று என விரைவேற்றிகள் நின்றால், நலிந்த லீப் வண்டியும் யாழ்ப்பாணம் வரை சென்று மீளும். இறத்தோட்டையிலிருந்து லக்கலைக்கு ஏறும் தெருவில் மட்டும் இவ்விடைவெளி செல்லாது. அங்கே முதல் மின்னேற்றி ஏற்றம் தொடங்குமுன், இறத்தோட்டைக் கடைத்தெருவிலேயே இருத்தல் வேண்டும்.